முன்விளக்கும் அதன் காப்பாடையும்

காஞ்சித் திருவெஃகாவில் தோன்றியவர் என்று மரபு கூறும் பொய்கையாழ்வார், திருக்கோவலூரில் மழையிருளில் ஓர் இடைகழியில் நின்றபொழுது உலகத்தையே விளக்காக உருவகித்துப் பாடினார் என்பதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். எங்கள் ஊருக்கும் விளக்கிற்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. யான் ஈண்டு எழுதப் புகுந்ததோ அத்தகைய பெருவிளக்கைப் பற்றியன்று. மோட்டார் வண்டியின் முகப்பில் இடமும் வலமுமாக இரு கண்களைப்போற் பொருத்தப்பட்டிருக்கும் விளக்குகளைப் பற்றியது. அவை நாளடைவில் மங்குவது ஏன், மங்காதபடி அவற்றின்மேல் ஒட்டப்படும் தெளிந்த படலம் யாது, அதனை நம் வீட்டு வாயிலிலேயே நம் கையால் ஒட்டுவது எங்ஙனம் என்பனவே இக்கட்டுரையின் பொருள். பொருள் சிறியதே. ஆயினும் இரவில் சாலையோரம் நடந்து செல்லும் ஒருவருடைய உயிர் அதனைப் பற்றி நிற்றலின், அன்பர்கள் பொறுமையுடன் படிப்பார்களாக.

சென்ற வைகாசியில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறுதல் வேண்டும். என் தாய்மாமன் சின்னக் காஞ்சிபுரத்தில் வாடகைக்குக் கார் ஓட்டுபவர். அக்கார் பிறரிடமிருந்து வாங்கியது. அதற்கு வயது பதினொன்று. வரதராஜப் பெருமாள் கோவிற் கருட சேவை கண்டு திரும்பிய குடும்பத்தார் சிலரைச் சென்னையில் இறக்கிவிட்டு அவர் மீண்டபோது, துணைக்கு யானும் உடனிருந்தேன். நள்ளிரவு கடந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையைவிட்டுத் திரும்பி வாலாஜாபாத் சாலையில் வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு லாரி கடந்து சென்ற மறுகணம், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த முதியவர் ஒருவர் நிலத்தினின்றும் முளைத்தார்போல எங்கள் முன்னே தோன்றினார். மாமா பிரேக்கை மிதித்தார். காருக்கும் அவருக்கும் இடையே ஒரு முழமே எஞ்சியது. முதியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தம் வழியே நடந்தார்.

மாமாவின் கண்ணிற் குறையொன்றும் இல்லை. மறுநாட் காலையில் வண்டியின் கண்களைப் பார்த்தோம். அவை புரை விழுந்த கண்களைப்போலப் பழுப்பேறியிருந்தன. வியப்பு என்னவெனில், அவற்றின்மேல் ஏற்கெனவே காப்புப் படலம் ஒட்டப்பட்டிருந்தது! ஓராண்டுக்கு முன்பு சாலையோரத்துக் கடையொன்றில் மாமா அதனை ஒட்டுவித்திருந்தார். கடைக்காரர் அடியிலிருந்த பழுப்பைப் போக்காமலே மேலே படலத்தை ஒட்டிவிட்டார். ஈரத்தில் நனைந்த கல் சிறிது நேரம் மினுங்குவதுபோல விளக்கும் சில நாள் மினுங்கியது. ஊறுகாயைச் சாடியிலிட்டு வாய்கட்டி வைத்ததுபோலப் பழுப்பு உள்ளே பத்திரமாயிருந்தது. படலம் உள்ளதைக் காக்குமேயன்றி இழந்ததை மீட்காது என்னும் இவ்வொரு செய்தியை நாங்கள் அன்று விலை கொடுத்துக் கற்றோம். கல்லூரித் தோழர்க்கு அவ்விலை நேராதிருக்கவே இதனை எழுதுகின்றேன்.

பழைய வண்டிகளின் விளக்கு முகம் கண்ணாடியால் ஆயது. அம்பாசிடர் காரின் வட்ட விளக்கை அறியாதார் இலர். எத்தனை கோடை கண்டாலும் அக்கண்ணாடி பழுப்பதில்லை. கல் பட்டால் உடையும், அவ்வளவே. இக்காலத்து விளக்கு முகமோ பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் வகையால் ஆயது. 1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பேயர் கம்பெனியைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த டேனியல் பாக்ஸ் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே ஏறத்தாழ ஒரே காலத்தில் இதனைக் கண்டனர். இது கண்ணாடியினும் எடை குறைந்தது. கல்லடிக்கு எளிதில் உடையாதது. வேண்டிய வடிவில் வார்த்தற்கு இசைவது. 1983-இல் அமெரிக்க நாட்டு விளக்கு விதிகள் தளர்த்தப்பட்டபின், அந்நாட்டுக் கார்களில் இது கண்ணாடியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிப் பின்னர் உலகெங்கும் பரவிற்று. எங்கள் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் வெளிவரும் ஹூண்டாய் கார்களும், ஒரகடத்தில் உருவாகும் கார்களும் இத்தகைய விளக்குகளோடு நம் வெயிலிலேயே பிறந்து நம் வெயிலிலேயே வாழ்கின்றன.

வெயிலே இதற்குப் பகை. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவை பாலிகார்பனேட்டின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளின் பிணைப்புக்களைச் சிதைக்கின்றன. சிதைந்தவை வேறு வகையாக இணையும்பொழுது நீல ஒளியை உறிஞ்சும் புதிய பொருள்கள் தோன்றுகின்றன. வெள்ளொளியில் நீலம் குறைந்தால் மஞ்சள் எஞ்சும். பழுப்பின் காரணம் இதுவே. அதன்மேல் காற்றும் ஈரமும் புழுதியும் சேர்ந்து, நுண்ணிய வெடிப்புக்களையும் கீறல்களையும் உண்டாக்க, முகம் பால்போல் மங்குகின்றது. தொழிற்சாலையார் இதனை அறியாதவரல்லர். விளக்கின் மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கடினமான பூச்சொன்றைப் பூசியே அனுப்புகின்றனர். அப்பூச்சு சில ஆண்டுகள் தாங்கித் தேய்ந்து உதிர்ந்தபின், அடியிலுள்ள பிளாஸ்டிக் காப்பின்றி வெயிலை எதிர்கொள்கின்றது.

இதனை எங்கள் ஊரார்க்கு விளக்க வேதியியல் வேண்டுவதில்லை. வெண்பட்டை வெயிலில் உலர்த்தினால் பழுப்பேறும், இழையும் நொய்ந்துபோம் என்பதைப் பட்டு நெய்யும் வீடுகளிற் குழந்தையும் அறியும். பட்டு, புரதத்தால் ஆயது. விளக்கு முகம், நிலக்கரியும் எண்ணெயும் தந்த வேதிப்பொருளால் ஆயது. பொருள் வேறாயினும் பகை ஒன்றே. செய்யும் கேடும் ஏறத்தாழ ஒன்றே. பட்டை நிழலில் உலர்த்துகின்றோம். காரைப் பகல் முழுதும் நிழலில் நிறுத்தி வைத்தல் வாடகைக்கு ஓட்டுவோர்க்கு இயலுமா? ஆகவே, நிழலை விளக்கின் மேலேயே ஒட்டி வைக்கின்றோம். காப்புப் படலம் என்பது ஒளியைத் தடுக்காத, புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் ஒரு நிழல் என்க.

மங்கிய விளக்கினால் இழக்கும் ஒளி எவ்வளவு என்பதைப் பலர் உணர்வதில்லை. ஏனெனில் இழப்பு மெல்ல மெல்ல நேர்கின்றது, கண்ணும் அதற்குப் பழகிவிடுகின்றது. அமெரிக்க மோட்டார் சங்கம் 2018-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டபடி, மிகவும் மங்கிய விளக்குகள் தாழ்ந்த ஒளியில் புதிய விளக்கு தரும் ஒளியில் 22 சதவிகிதமே தந்தன. அவற்றைத் தேய்த்துத் துலக்கியபின் ஏறத்தாழ 70 சதவிகிதம் மீண்டது. வாலாஜாபாத் சாலையில் அம்முதியவர் முளைத்தார்போலத் தோன்றியதன் மருமம் எனக்கு இவ்வெண்களைப் படித்தபோதுதான் விளங்கிற்று. அவர் முன்னரே அங்கிருந்தார். எங்கள் ஒளிதான் அவரிடம் சென்றடையவில்லை.

இனிப் படலத்தைப்பற்றிச் சில சொல்வேன். நல்ல படலம் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்பதால் ஆயது. சுருக்கமாக டிபியு என்பர். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காதபடி காக்க இவ்வகைப் படலத்தை அமெரிக்கர் பயன்படுத்தினர். பின்பு அது பந்தயக் கார்களுக்கும், அவற்றினின்று நம் போன்றோர் கார்களுக்கும் இறங்கி வந்தது. விளக்கிற்கு ஒட்டுவது பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் கனமுடையது. அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாது. இழுத்தால் நீளும், வளைந்த முகத்திற் படியும். தெறித்து வரும் சிறு கல்லின் விசையை ரப்பரைப்போல் தானே வாங்கிக்கொள்ளும். கடைகளில் இதே தோற்றத்துடன் பிவிசி படலமும் விற்கின்றனர். அது விலை குறைவு. ஆனால் வெயிலிற் சுருங்கி விரைவில் தானே பழுக்கும். பாலியூரித்தேனிலும் இருவகை உண்டு: அரோமாட்டிக் என்பது வெயிலில் மஞ்சளிக்கும், அலிபாட்டிக் என்பது நெடுநாள் தெளிவாயிருக்கும். வாங்குவோர் இவ்வொரு சொல்லைக் கேட்டு வாங்குதல் நலம். காவலுக்கு வைத்தவனே கள்வனானால் யாரிடம் முறையிடுவது?

வண்ணப் படலத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை. புகைநிறம், கருமை, ஆழ்ந்த மஞ்சள் என்று பலவகைப் படலங்களை இளைஞர் அழகிற்காக ஒட்டுகின்றனர். விளக்கை மூடும் வழக்கம் புதிதன்று. 1939-இல் இங்கிலாந்தில் போர்க்கால இருட்டடிப்பின்போது பகை விமானங்கள் காணாதபடி கார் விளக்குகளுக்கு முகமூடி அணிவித்தனர். அதன் விளைவாகச் சாலையில் மாண்டவர் தொகை பெருகிற்று. நம் நாட்டிலும் எதிரே வருவோர் கண் கூசாதபடி விளக்கின் மேற்பாதியிற் கருவண்ணம் பூசுதலும், நடுவிற் கரும்பொட்டு ஒட்டுதலும் நெடுங்காலம் வழக்கிலிருந்தன. அவற்றிற்கேனும் ஒரு காரணம் இருந்தது. அழகின் பொருட்டு ஒளியை மறைப்பதற்கு என்ன காரணம் கூறுவது? விளக்கு ஏற்றி மரக்காலால் மூடுவாரைப்பற்றி நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கின்றோம். 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றம் காரின் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதைப்பற்றி வழங்கிய தீர்ப்பைச் சிலர் எல்லாப் படலத்திற்கும் உரியதாக எண்ணி அஞ்சுகின்றனர். அத்தீர்ப்பு கதவு முதலியவற்றின் கண்ணாடியைப் பற்றியது. தெளிந்த படலம் ஒட்டுவோர் நினைவிற் கொள்ள வேண்டியது வேறொரு விதி. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106-ஆவது விதி, விளக்கிற்கு முன்னே 8 மீட்டர் தூரத்தில், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணுடைய ஒருவர்க்குக் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்கின்றது. சுருக்கம் விழுந்த படலம் ஒளியைச் சிதறடித்து மேலே வீசும். ஆகவே படலத்தைச் செம்மையாக ஒட்டுதல் அழகுக்காக மட்டுமன்று. எதிரே வருபவர் கண்ணுக்காகவும் ஆகும்.

நாங்கள் செய்த முறையை இனிக் கூறுகின்றேன். முதல்வேலை பழைய படலத்தை உரித்தல். முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, மேல்நோக்கி வெடுக்கென்று இழாமல், விளக்கின் பரப்பை ஒட்டியபடியே பின்னோக்கி மெல்ல இழுத்தால் பசையும் உடன் வந்துவிடும். எஞ்சிய பசையைப் போக்க மாமா தின்னர் புட்டியை எடுத்தார். நல்லவேளையாகத் தடுத்தேன். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் ஆகியவை பாலிகார்பனேட்டில் முடிபோன்ற வெடிப்புக்களை உண்டாக்கும். கொசு விரட்டும் தைலத்தைத் தேய்த்தால் விளக்கு பளிச்சிடும் என்று ஒரு கைவைத்தியம் உலவுகின்றது. அது மேற்பரப்பைக் கரைத்தே பளிச்சிடச் செய்கின்றது என்பதை அறிந்தோர் அதனை நாடார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியே போதியது.

அடுத்தது பழுப்பை நீக்கல். விளக்கைச் சுற்றியுள்ள வண்ணப் பகுதியைக் காகித ஒட்டு நாடாவால் மறைத்துவிட்டு, நீரில் நனைக்கும் உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். எங்கள் விளக்கு மிகவும் கெட்டிருந்தமையால் 800-ஆம் எண் தாளிலிருந்து தொடங்கினோம். பின்பு 1500, 2000, 3000 என்று ஏறினோம். எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். ஒரு தாளால் கிடையாகத் தேய்த்தால் அடுத்த தாளால் நெடுக்காகத் தேய்க்க வேண்டும். அப்பொழுதுதான் முன்னைய கீறல் மறைந்ததா என்பது புலனாகும். நீர் ஓயாது ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். முதலில் மஞ்சட் சாறு வழியும். மஞ்சள் நின்று வெண்ணீர் வழிந்தால் பழுப்பு போயிற்று என்று அறியலாம். இந்நிலையில் விளக்கு முழுதும் வெளுத்துக் குருடாகத் தோன்றும். மாமா அதனைக் கண்டு, இருந்ததையும் கெடுத்துவிட்டாயே என்று நெஞ்சில் கைவைத்தார். ஒரு குவளை நீரை அதன்மேல் ஊற்றினேன். நீர் படிந்த அளவில் உள்ளிருந்த விளக்கு தெள்ளத் தெளியத் தெரிந்தது. அதன்பின்னரே அவர்க்கு உயிர் வந்தது. கடைசியாகப் பாலிஷ் பசையைத் துணியில் இட்டுத் தேய்த்துத் துலக்கினோம்.

பற்பசையால் தேய்த்தே பழுப்பைப் போக்கலாம் என்பாரும் உளர். அவர் கூற்று முழுப்பொய்யன்று. பற்பசையில் நுண்ணிய அரைபொடி உண்டு. மேற்பழுப்பை அது ஓரளவு நீக்கும். ஆனால் உப்புத்தாளாயினும் பற்பசையாயினும், பழுப்போடு எஞ்சிய காப்புப் பூச்சையும் சேர்த்தே அரித்துவிடுகின்றது. அங்ஙனம் தோலுரிந்த விளக்கை அப்படியே வெயிலில் விட்டால், முன்னினும் விரைவாகச் சில மாதங்களிற் பழுத்துவிடும். பலர் துலக்கி மகிழ்ந்து, பின்பு பழுப்பு மீண்டதே என்று வருந்துவது இதனாலேயாம். துலக்குதலும் போர்த்தலும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

விளக்கிற்கு உள்ளே நீராவி படிந்திருந்தால் அதனைப் படலம் தீர்க்காது. விளக்கின் விளிம்பு அடைப்பைச் சரிசெய்வித்து உலர்த்திய பின்னரே மேலே செல்ல வேண்டும்.

போர்த்தும் வேலையில் நாங்கள் முதல்நாள் தோற்றோம். காலை பத்து மணிக்கு வாயிலில், வெயிலிலேயே தொடங்கினோம். நீர் தெளித்துப் படலத்தை வைத்த சில நொடிகளில் நீர் வற்றிப் பசை இறுகிப் பிடித்துக்கொண்டது. நகர்த்தவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து காற்றில் வந்த பட்டிழை ஒன்று ஓர் அங்குல நீளத்திற்குப் படலத்தின் அடியிற் சிக்கி, செந்நிறமாய் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அவ்வீட்டு நெசவாளர், வயது எழுபதுக்கு மேலிருக்கும், திண்ணையிலிருந்து யாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வெயில் ஏறினப்புறம் யாராச்சும் தெருவுல பாவு நீட்டுவாங்களா, தம்பி?" என்றார். காஞ்சியில் விடியுமுன்னே தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துச் சீர்செய்வதை யான் நூறுமுறை கண்டிருக்கின்றேன். கஞ்சி சீராகப் படிந்து மெல்ல உலர வேண்டும் என்பதற்கே அவர்கள் வெயிலுக்கு முந்துகின்றனர். கண்ணெதிரே நாடோறும் நடந்த பாடத்தை யான் கற்கவில்லை. அந்தப் படலம் குப்பைக்குப் போயிற்று.

மறுநாள் விடியற்காலையில், காற்று அடங்கியிருந்த வேளையில், வீட்டார் வாசல் தெளித்துப் புழுதி அமர்ந்தபின் மீண்டும் தொடங்கினோம். இரண்டு தெளிப்புப் புட்டிகள் வேண்டும். ஒன்றில் ஒரு லிட்டர் நீருக்குச் சில துளி குழந்தைகளுக்கான ஷாம்பு. இது படலத்தை வழுக்கி நகரச் செய்வது. மற்றொன்றில் ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்; இது விளிம்புகளில் பசையை விரைந்து பிடிக்கச் செய்வது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். உலர்ந்தபின் வெண்புள்ளி விடும். ஆதலின் குடிநீரையே பயன்படுத்தினோம்.

படலத்தை அடித்தாளோடு விளக்கின்மேல் வைத்து அளவு குறித்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் மிகையாக வெட்டிக்கொண்டோம். பாலிஷின் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாதபடி ஆல்கஹாலால் விளக்கைத் துடைத்தோம். பின்பு விளக்கின் மேலும், கைவிரல்களிலும், அடித்தாளை உரிக்க உரிக்கப் படலத்தின் பசைப்புறத்திலும் ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்தோம். இவ்விடத்தில் நீரைச் சிக்கனம் செய்தல் தவறு. இருவர் நான்கு மூலைகளையும் பிடித்துத் தளர்வாக மேலே விரித்து, ரப்பர் விளிம்புள்ள தேய்ப்பானால் நடுவில் ஒரு கோடு இழுத்து நிலைநிறுத்தி, அங்கிருந்து வெளிப்புறமாக நீரைத் தள்ளினோம். ஒவ்வொரு இழுப்பும் முன்னைய இழுப்பின் பாதியை மூடிச் செல்ல வேண்டும். வளைவு மிகுந்த மூலைகளிற் படலம் விரல்போன்ற மடிப்புக்களாகத் திரளும். அங்கே அவசரப்பட்டு அழுத்தினால் மடிப்பு நிலைத்துவிடும். அதனை எழுப்பி, மறுபடி நீர் தெளித்து, முடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டி, அகலமாக இழுத்து மெல்லப் படியவைத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் படலம் குழைந்து அலையலையாகும்; கையிற் பொறுக்கத்தக்க சூடே அளவு.

விளிம்பை வெட்டுதலில் புதிய பிளேடு வேண்டும். மழுங்கிய பிளேடு படலத்தை இழுத்துக் கிழிக்கும். வண்டியின் வண்ணத்தின்மேல் பிளேடு படாதபடி, விளக்கின் ஓரத்திற்கு உள்ளே இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டினோம். பின்பு ஆல்கஹால் நீரைத் தெளித்து விளிம்பைச் சுற்றிலும் அழுத்தினோம். முடிந்ததும் உள்ளே மணிமணியாக நீர்க்கொப்புளங்கள் தெரிந்தன. மாமா ஊசியை எடுத்துவிட்டார்! நீர்க்கொப்புளம் சில நாளில் தானே ஆவியாகி மறையும். குத்தினால் துளைதான் மிஞ்சும். இரண்டு நாள் வண்டியைக் கழுவாமலும், ஒரு வாரம் விசைநீர் அடிக்காமலும் விட்டோம். கொப்புளங்கள் நான்காம் நாள் காணவில்லை.

அன்றிரவு காரைச் சுவருக்கு நேரே நிறுத்தி விளக்கை ஏற்றிப் பார்த்தோம். தேய்க்குமுன் அதே இடத்தில் நிறுத்தி ஒளியின் மேல்விளிம்பைச் சுவரிற் கரிக்கோட்டால் குறித்து வைத்திருந்தோம். முன்பு அக்கோட்டிற்கு மேலும் மஞ்சளாய்ப் புகைபோற் பரவியிருந்த ஒளி, இப்பொழுது கோட்டிற்குக் கீழே வெண்மையாய் அடங்கி நின்றது. மங்கிய விளக்கு தனக்கு முன்னே குறைவாகவும், பிறர் கண்ணில் மிகுதியாகவும் ஒளி வீசும் என்பதை அச்சுவரில் கண்டோம். செலவு, புதிய விளக்கு ஒன்றின் விலையிற் சிறு பங்கே ஆயிற்று. குப்பைக்குப் போன படலத்தையும் சேர்த்துத்தான் சொல்கின்றேன்.

படலம் என்றும் நிலைப்பதன்று. நல்ல படலம் சில ஆண்டுகள் உழைக்கும். அதன் விளிம்பு எழும்பிப் புழுதி புகத் தொடங்கினாலோ, படலமே மஞ்சளித்தாலோ, தயங்காமல் உரித்துப் புதிது ஒட்டுதல் வேண்டும். அடியிலுள்ள விளக்கு தெளிவாகவே இருக்குமாதலின் அப்பொழுது உப்புத்தாளுக்கு வேலையில்லை. ஒரு காலைப்பொழுதே போதும். புதுக்கார் வாங்குவோர் பழுப்பேறும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே ஒட்டிவிட்டால், தொழிற்சாலைப் பூச்சும் அழியாமல் நிற்கும்.

எங்கள் காரின் இடப்பக்க விளக்கில், கீழ்மூலையில், நெல்மணி அளவில் ஒரு மடிப்பு இன்றும் உள்ளது. அது யான் பிடித்திருந்த மூலை. வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் மாமா அதன்மேல் துணியை ஒருகணம் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்க்கின்றார்.